அமைச்சர் பேசினால் சிரிக்கக் கூடாது

தலைவர் தன் பழைய எதிரியை அமைச்சராக்கிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நகல் மேடைக்குப் பின்னால் கண்ணாடி முன் நின்று அந்த எதிரியின் மீசையைத் தன் உதட்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தான்.

நகல் என்பது பட்டப்பெயர். ஆள் பலகுரல்காரன். கட்சிக் கூட்டங்களுக்குத் தலைவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். அதுவரை கூட்டம் எழுந்து போய்விடாமல் பிடித்து வைப்பது அவன் வேலை. ரயில் ஓட்டுவான், குழந்தை அழுவான், நாய்ச்சண்டை போடுவான். அதெல்லாம் சும்மா தொட்டுக்கொள்ள. சனம் உட்கார்ந்திருப்பது வேறொன்றுக்காக. எதிர்க்கட்சியில் ஒருவர் இருந்தார். கொஞ்சம் காலை இழுத்து நடப்பார். பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குவார். நகல் அவரை மேடைக்குக் கூட்டிவருவான். ஒட்டு மீசை, தடித்த கண்ணாடி, இடது காலை இழுத்து இழுத்து மைக் வரைக்கும் ஒரு நடை, வந்து நின்று "அதாவதூ..." என்று ஒரு நீட்டல். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவருக்கு 'இழுவை' என்று பெயர் வைத்ததும் நகல்தான். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயரை அவர் வீட்டுக்காரர்களும் தேர்தல் அதிகாரிகளும் மட்டுமே நினைவில் வைத்திருந்தார்கள்.

கட்சிச் செயலாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யோவ், மீசையக் கழட்டு! அவரு இப்ப நம்ம ஆளு."

"யாருங்க?"

"இழுவைதான்யா. அமைச்சராயிட்டாரு. சாயங்காலம்தான் அறிவிச்சாங்க."

"அப்ப இன்னைக்கு என்னங்க பண்றது? சனம் அதுக்குத்தானே உக்காந்திருக்கு."

செயலாளர் வெளியே எட்டிப் பார்த்தார். கூட்டம் பொறுமையிழந்து விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "சரி, பண்ணு. ஆனா மரியாதையாப் பண்ணு" என்றார்.

ஒரு மனிதனின் ஊனத்தை மரியாதையாகக் கிண்டல் செய்வது எப்படி என்று நகலுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். கைகூப்பிக்கொண்டே காலை இழுத்தான். 'இழுவை' என்பதற்கு முன்னால் 'மாண்புமிகு' சேர்த்தான். சனம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சிரித்தது. செயலாளர் மேடையோரம் நின்று, மரியாதை போதுமா என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பதவியேற்பு விழாவில் தலைவர் பேசினார். "பகையை மறப்பதுதான் பெருந்தன்மை. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். எவற்றையெல்லாம் மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்கிறேன்" என்று தொடங்கி, எதிரி தனக்குச் செய்த ஒவ்வொன்றையும் வருடம், ஊர், மேடை சகிதம் வரிசையாகச் சொன்னார். எதிரி பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். விழா முடிய வெயில் தாழ்ந்துவிட்டது.

அவருக்கு நீர்வளத் துறை கிடைத்தது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தலைவரின் ஆலோசகர். ஓய்வுபெற்ற அதிகாரி, ஓய்வுபெற்ற பிறகுதான் அதிகாரமே வந்தது. "மழை வந்தா வெள்ளம்னு திட்டுவாங்க, வரலைன்னா வறட்சின்னு திட்டுவாங்க. ரெண்டு திட்டும் இனிமே அவருக்கு. நம்ம கைக்கு அழுக்கில்ல" என்று அவர் விளக்கியபோது, இவ்வளவு புத்தியை ஒரே தலையில் எப்படி வைத்திருக்கிறார் என்று தலைவர் வியந்தார். ஆனால் புது அமைச்சர் கேட்டதும் அந்தத் துறையைத்தான். அவருடைய தொகுதியில் ஆற்றுக் கரை வருடா வருடம் உடைந்து, கரைக்குக் கீழே இருக்கிற தெருக்களில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும். மழைக்கு முன்னால் அந்தக் கரையைக் கட்டிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் நகலின் அக்கா இருந்தாள். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவள். துணி தைத்துப் பிழைக்கிறாள். தம்பி எத்தனையோ மேடை ஏறியும் அவள் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னாள்: "இடுப்பளவு தண்ணியில அந்த மனுஷன் எங்ககூட நின்னாரு. தண்ணிக்குள்ள அவரு கால் எப்படின்னு யாருக்குடா தெரிஞ்சது?" அன்று சாயங்காலம் நகலுக்கு ஒரு கூட்டம் இருந்தது. போய் இழுத்துவிட்டு வந்தான்.

அமைச்சரவையின் முதல் கூட்டத்தில் கரை விஷயம் முதலில் இருந்தது. புது அமைச்சர் எழுந்தார். ஒன்றும் பேசவில்லை, பேசுவதற்கு முன்னால் வழக்கம்போல் மூச்சு வாங்கினார், அவ்வளவுதான். விவசாய அமைச்சரின் தோள் குலுங்கியது. கல்வி அமைச்சர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். உள்துறை அமைச்சர் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடுகிற சாக்கில் குனிந்தார், அவர் நிமிரவேயில்லை. கடைசியில் தலைவரே தாங்காமல் வெடித்துச் சிரித்தார். தலைவர் சிரித்தால் சிரிக்காமல் இருப்பது ஒழுக்கக் கேடு என்பதால் மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்திலும் இதேதான். அவர்கள் மேல் முழுப் பழியும் போட முடியாது. நகலின் நிகழ்ச்சியை முன்வரிசையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பார்த்தவர்கள். தலைவரும் தாமதமாக வந்தாலும் அதன் கடைசிப் பகுதியைப் பார்க்காமல் மேடை ஏறமாட்டார். அந்த மீசையும் கண்ணாடியும் எழுந்து நின்றாலே சிரிக்க வேண்டும் என்று அவர்கள் உடம்புக்குப் பழகிவிட்டது.

ஆலோசகர் ஒரு சுற்றறிக்கை போட்டார். 'மாண்புமிகு நீர்வளத் துறை அமைச்சர் பேசும்போதும், பேசத் தொடங்கும்போதும், பேசப்போவதுபோல் தோன்றும்போதும் அமைச்சரவை உறுப்பினர்கள் சிரிக்கக் கூடாது. இருமலாக மாற்றப்பட்ட சிரிப்பும் சிரிப்பாகவே கருதப்படும்.' இதை அமைச்சரவையில் வாசித்தபோது மறுபடியும் சிரித்தார்கள். நீர்வளத் துறை அமைச்சர் அப்போது பேசவில்லை என்பதால் அந்தச் சிரிப்பு விதிமீறல் ஆகாது என்று ஆலோசகரே தீர்ப்பும் சொன்னார்.

உறுப்பினர்கள் மனசாட்சியோடு முயன்றார்கள். கல்வி அமைச்சர் தொடையைக் கிள்ளிக்கொண்டார். உள்துறை அமைச்சர் செத்துப்போன தன் அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்து, கரை பற்றிய முதல் வாக்கியத்திலேயே ஓவென்று அழுதுவிட்டார். நிதி அமைச்சர் கஜானா நிலவரத்தை நினைத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் பலித்தது. எப்படியும் கூட்டம் பாதியில் நின்றது. கரை அடுத்த கூட்டத்துக்குப் போயிற்று. வானத்தில் மேகம் சேர ஆரம்பித்திருந்தது.

ஆலோசகர் நகலைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு மாண்புமிகு அமைச்சரைக் கேலிக்கூத்தா ஆக்கினது நீதானே?"

நகல் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, எழுதிக் குடுத்தது கட்சி ஆபீஸ்ங்க. நான் வாயசைச்சதோட சரி. நீங்ககூட ஒரு தடவை மேடைக்குப் பின்னாடி வந்து, இன்னும் கொஞ்சம் இழுன்னு..."

"அப்போ அவர் மாண்புமிகு இல்லையேப்பா. அப்போ அவர் வெறும் எதிரி. சட்டப்படி ரெண்டு பேரும் வேற வேற ஆள்." ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். விளக்கம் சொல்வதில் அவருக்கு ஒரு சுகம் உண்டு. "பழைய எதிரியை அமைச்சரவையில சேர்த்தா என்னென்ன ஆபத்துன்னு நான் தலைவருக்கு முன்னாடியே சொன்னேன். ஒண்ணு, துரோகம் பண்ணலாம். அதுல பயமில்ல. எங்க எல்லாருக்கும் அதுல அனுபவம் இருக்கு, சமாளிச்சுடுவோம். ரெண்டு, சும்மா உக்காந்திருக்கலாம். அது மரபு. மூணு, வேலை செஞ்சுடலாம். அதுக்கு மட்டும் இங்க முன்னுதாரணம் இல்ல, அதனால கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துட்டிருந்தேன். நாலாவதா இந்தச் சிரிப்பு வரும்னு எனக்கே தோணல."

"சிரிச்சா என்னங்க ஐயா? சிரிச்சுட்டு அப்புறம் கரையைப் பத்திப் பேசலாமே."

"புரியாமப் பேசாதே. சிரிக்கிறது ஆபத்தில்ல. சிரிப்பை நிறுத்தினாதான் ஆபத்து. நிறுத்திட்டா, அந்த ஆள் இத்தனை வருஷமா என்னதான் சொல்லிட்டிருந்தார்னு யாராவது கேட்டுத் தொலைப்பாங்க." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியதுபோல் அவர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் அமைச்சரவைக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. நீ போட்டதை நீயே எடு. அவர் நடையைத் திருத்து, பேச்சைத் திருத்து. திருத்திட்டா உனக்குக் கலை பண்பாட்டுத் துறையில நிரந்தர வேலை. பென்ஷனோட."

தேர்தல் வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பட்டினி என்று வாழ்கிறவனிடம் 'பென்ஷன்' என்ற சொல்லை அப்படிச் சட்டென்று சொல்லக் கூடாது. நகல் சரி என்று தலையாட்டிவிட்டான்.

அமைச்சர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. அவனைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துகொண்டாள். ஊரில் அந்த முகத்தைத் தெரியாதவர்கள் யார்? ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். "உள்ள வாங்க" என்றாள். 'வாங்க' என்றதுதான் அவனை அறுத்தது.

அமைச்சர் வரவேற்பறையில் தனியாக உட்கார்ந்து கரையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். நகல் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தன்னுடைய மீசையைவிட அவருடைய மீசை சின்னது என்று கவனித்தான்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று அமைச்சர் கேட்டார். மாணவன் வாத்தியாரிடம் கேட்பதுபோல் உண்மையாகவே கேட்டார்.

"முதல்ல நடைங்க. எடது காலை இழுக்காம, தூக்கி வெச்சுப் பாருங்க."

அமைச்சர் இடது காலைத் தூக்கி வைத்தார். எந்தக் கஷ்டமும் இல்லாமல் அது வந்தது. பிறகு வலது காலை எடுத்தார். அது தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

நகல் வாயைப் பிளந்தான். "ஐயா, உங்களுக்கு இழுக்கிறது எடது கால் இல்லீங்களா?"

"வலதுதாங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போனது."

"அப்புறம் எடது காலை இழுக்கறீங்களே? டிவியிலகூடப் பார்த்தேனே."

அமைச்சர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "ஒரு தடவை ஓட்டுக் கேட்டுப் போனப்ப, ஒரு தெருவுல 'இது டூப்பு, அசல் ஆளு எடது காலைத்தான் இழுப்பாரு'ன்னு கதவைச் சாத்திட்டாங்க. சனத்தை எதுக்குக் குழப்பணும்னு நானும் மாத்திக்கிட்டேன். இப்ப ரெண்டும் வலிக்குது." வெயில் அதிகம் என்பதைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

நகலுக்குப் புரிந்துவிட்டது. எதிரே நிற்பவரைப் பார்த்து ஆடக் கற்றவன் அவன். எதிரே நிற்பவரின் வலது நமக்கு இடது. குரலை அத்தனை வருடம் தேய்த்துத் தேய்த்துப் பழகியவன், கால் எது என்று ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை. கிண்டலையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். எந்தக் குரலில் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டான்.

"நீங்க ஏங்க இவங்ககூடச் சேர்ந்தீங்க?" என்று மட்டும் கேட்டான். "இவ்வளவு திட்டினவங்களோட?"

"அந்தப் பக்கம் நின்னு கேட்டுப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். வேலைக்காகல. கல்லும் சிமெண்டும் திட்டினவங்ககிட்டதானே இருக்கு?" மூச்சு வாங்கினார். "இந்த மழைக்குள்ள கரை எழும்பினாப் போதும். அப்புறம் என்ன பேரு வெச்சுக் கூப்பிட்டாலும் சரி."

"எங்க அக்கா அங்கதாங்க இருக்கு. கடைசித் தெரு."

"தையல் மெஷின் வெச்சிருக்கிற அம்மாவா?" அமைச்சர் முகம் மலர்ந்தது. "அவங்க தம்பியா நீங்க? சொல்லவே இல்லையே அவங்க!"

சொல்லியிருக்கமாட்டாள். அக்கா ஏன் சொல்லவில்லை என்பதை நகல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நன்றாகவே விளங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் வெறியோடு வேலை செய்தான். பென்ஷனுக்காகத்தான் ஆரம்பித்தான், இப்போது பென்ஷன் இரண்டாம் பட்சமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதை முக்கால்வாசி நம்பவும் செய்தான். வலது செருப்புக்குள் அட்டை வைத்துக் காலை உயர்த்தினான். எந்த இடத்தில் மூச்சு விட்டால் கேட்பவனுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தான். மேடைக்காரர்களின் ரகசியம் அது. அமைச்சர் தினமும் விடிந்ததும் எழுந்து, கூடத்தில் முன்னும் பின்னும் நடந்து பழகினார். வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வார். மனைவி சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கரை பற்றிப் பேச வேண்டியதை அவர் ஒரே ஓட்டத்தில், ஒரு இழுப்பும் இல்லாமல் சொல்லி முடித்த அன்று, இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அமைச்சரவை கூடிய நாளில் வானம் கறுத்துக் கிடந்தது. அமைச்சர் காரிலிருந்து இறங்கி, முதுகை நிமிர்த்தி, இயல்பாக நடந்து வாசலுக்குப் போனார். பயிற்சியாளர் என்ற முறையில் நகல் பின்னாலேயே போனான். வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"யாருங்க நீங்க?"

"நீர்வளத் துறை அமைச்சர்."

"விளையாடாதீங்க சார். அவரு எப்படி நடப்பாருன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன்."

அமைச்சர் அடையாள அட்டையைக் காட்டினார். அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்றார் காவலர். உள்ளே மணியடித்தது, கூட்டம் தொடங்கப் போகிறது. அமைச்சர் திரும்பி நகலைப் பார்த்தார். நகல் தரையைப் பார்த்தான். அமைச்சர் இடது காலை நான்கு தப்படி இழுத்துக் காட்டினார். காவலர் அசந்துபோய் விறைப்பாக சல்யூட் அடித்து, "மன்னிச்சுடுங்கய்யா, டூப்புன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

அமைச்சரவை தயாராக இருந்தது. தொடைகள் கிள்ளப்பட்டன. உள்துறை அமைச்சர் இந்தத் தடவை அம்மாவுக்குப் பதிலாகத் தூரத்து மாமா ஒருவரை நினைத்துக்கொண்டார். நீர்வளத் துறை அமைச்சர் எழுந்தார், தெளிவாகப் பேசினார். கரை எங்கெங்கே விரிசல் விட்டிருக்கிறது, எத்தனை குடும்பம் அதன் கீழே இருக்கிறது, எவ்வளவு கல் வேண்டும், எல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற நகலுக்கு மகிழ்ச்சியில் கண் நிறைந்தது.

பிறகுதான் கவனித்தான், யாரும் கேட்கவும் இல்லை. சிரிப்பை அடக்கத் தயாராக வந்தவர்களுக்கு அடக்க ஒன்றும் கிடைக்காததால் ஏமாற்றம். கல்வி அமைச்சர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விவசாய அமைச்சருக்குக் கண் சொருகியது. தலைவர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"யாருய்யா பேசறது? அவரா? அவர் மாதிரியே இல்லையே. எனக்கு ஒரு எழவும் மண்டையில ஏறல." தலைவரின் பார்வை சுவரோரம் வந்தது. "அடேய் நகல்! நீ வாடா. அவரு சொன்னதை நீ அவரு மாதிரி சொல்லு. அவரு என்ன சொல்றாருன்னு உன் வாயால கேட்டாத்தான் எனக்குப் புரியும். பழகிடுச்சு."

"அது நடைமுறைக்கு..." என்று நிதி அமைச்சர் இழுத்தார்.

ஆலோசகர் எழுந்தார். "அமைச்சர் பேசினால் சிரிக்கக் கூடாது என்றுதான் சுற்றறிக்கை. நகல் பேசினால் சிரிக்கத் தடை ஏதும் இல்லை" என்று சட்ட நிலையை விளக்கினார். மேஜை முழுக்க உற்சாகம் பரவியது. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

நகல் அசையவில்லை. "ஐயா, வேணாங்க" என்றான் அமைச்சரிடம், மெதுவாக.

அமைச்சர் அவனையே பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினார். "பண்ணுங்க. இப்படியாவது கேக்கட்டும். கரை வந்தாப் போதும்."

நகல் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அசல் கண்ணாடி, எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. அது ஒரு விதத்தில் உதவியாக இருந்தது. இடது காலை இழுத்தான். "அதாவதூ..." என்றான்.

அறை அதிர்ந்தது. வாரக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "அதாவதூ... தண்ணி வந்தூ... ஜன்னல் வரைக்கும் வந்தூ..." உள்துறை அமைச்சர் நாற்காலியிலிருந்து சரிந்தார். கல்வி அமைச்சர் கிள்ளிய தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நகல் ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் சொன்னான். விரிசல், குடும்பங்கள், கல். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். குடும்பங்களுக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். இத்தனை நன்றாக அவன் எந்த மேடையிலும் செய்ததில்லை. அது அவனுக்கே தெரிந்தது, தெரிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

நடுவில் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான். காலை நேராக வைத்தான்.

"எங்க அக்கா வீடு அந்தக் கரைக்குக் கீழதாங்க இருக்கு" என்றான். "போன மழையில அக்கா ராத்திரி பூரா மேஜை மேல நின்னுச்சு. இந்தத் தடவை கரை தாங்காதுங்க. தயவுசெஞ்சு கட்டிக் குடுத்துடுங்க."

சிரிப்பு நின்றது. தலைவர் புருவத்தைச் சுருக்கினார். கேட்டுவிட்டார்கள் என்றே நகல் நினைத்தான்.

"இது யாருய்யா?" என்று தலைவர் ஆலோசகரிடம் கேட்டார். "இந்தக் குரலைக் கேட்டதில்லையே. யாரைப் பண்றான்?"

"நான்தாங்க தலைவரே" என்றான் நகல். "இது நான்."

தலைவர் மேஜையில் ஓங்கி அடித்தார். "அடப்பாவி! அக்காவாம்! மேஜை மேல நின்னாளாம்! நம்ம அமைச்சரு வந்து கெஞ்சினா அப்படியே இப்படித்தான்யா இருக்கும்!" முந்தையதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் ஒரு சிரிப்பு எழுந்தது. நிதி அமைச்சர்கூடச் சிரித்தார். அன்று அவருக்கும் கஜானா மறந்துபோயிற்று. தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குத்தான்யா அவரை உள்ள கொண்டுவந்தேன். எவ்வளவு நாளாச்சு இப்படிச் சிரிச்சு! சரி, அடுத்தது என்ன?"

அடுத்தது விருந்தினர் மாளிகைக்குப் புதுக் கம்பளம். அது ஒருமனதாக நிறைவேறியது. கரை பற்றி, 'அமைச்சரவையின் மகிழ்ச்சியான கவனத்தைப் பெற்றது' என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

நகல் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து அமைச்சரிடம் கொடுத்தான். அவர் அதை மாட்டிக்கொண்டு, முன்னால் இருந்த வரைபடத்தை நிதானமாகச் சுருட்டினார்.

"கடைசில சொன்னீங்களே" என்றார். "அது நல்லா இருந்துச்சு. நான்கூட அவ்வளவு நல்லாச் சொல்லல."

அவர் திட்டியிருந்தால் நகலுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

தாழ்வாரத்தில் ஆலோசகர் அவனை மடக்கி, முதுகில் தட்டி, நிரந்தர வேலைக்கான உறையைக் கையில் திணித்தார். "திருத்தச் சொன்னேன். நீ அதைவிடப் பெரிய காரியம் பண்ணிட்டே. இனிமே எல்லாக் கூட்டத்துக்கும் வந்துடு." வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கிழித்துப் போட்டிருக்கலாம். நகலின் கை நீண்டது, வாங்கியது, சட்டைப் பையில் வைத்தது. வாய் "ரொம்ப நன்றிங்கய்யா" என்றது. அது அவனுடைய குரல்தான். அதில் சந்தேகமேயில்லை.

அக்காவின் தெருவுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ கை தைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"இன்னைக்குத்தானே கூட்டம்? அவரு பேசினாரா?"

"பேசினாருக்கா. நல்லாப் பேசினாரு."

"கேட்டாங்களா?"

நகல் வாசல்படியிலேயே நின்றான். தூறல் அவன் முதுகில் விழுந்தது. "அப்புறம் என்னைப் பேசச் சொன்னாங்கக்கா."

மெஷின் நின்றது. அக்கா தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த உறையைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. அவள் கேட்டால் சொல்லி அழுதுவிடலாம் என்று காத்திருந்தான். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், துணியை மடித்து வைத்தாள், எழுந்தாள்.

"சிரிச்சாங்களா?"

"ஆமாக்கா."

"சரி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்றாள் அக்கா. "அந்தப் பக்கம் பிடி. கட்டில் காலுக்கு அடியில செங்கல் வெக்கணும்."